செவ்வாயில் ஒரு பூட்டுப் பிழை: பாத்ஃபைண்டர் விண்கலமும் முன்னுரிமைத் தலைகீழும் (1997)

1997 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாய்க் கோளில் தரையிறங்கியது. அடுத்த சில நாள்களில் அதன் கணினி தானாகவே தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளத் தொடங்கியது. வன்பொருள் எதுவும் பழுதாகவில்லை. விண்கலத்தை இயக்கிய வி-எக்ஸ்-வொர்க்ஸ் என்னும் நிகழ்நேர இயக்குதளத்தின் உள்ளே இருந்த ஒரு பூட்டு, குறிப்பிட்ட ஒரு சூழலில் தவறாக நடந்துகொண்டதே காரணம். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகப் பொறியாளர்கள் அதைக் கண்டறிந்து, பூமியிலிருந்தே திருத்தினர். கணினியியல் பாடங்களில் முன்னுரிமைத் தலைகீழ் என்ற சிக்கலுக்கு இன்றும் முதல் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது இந்நிகழ்வே.

இறுதியில் செய்யப்பட்ட மாற்றம் மிகச் சிறியது. பூட்டை உருவாக்கும்போது தரப்படும் ஒரு விருப்பத்தேர்வை இயக்கியதோடு வேலை முடிந்தது. அதற்கான கோட்பாடு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதைச் செயற்படுத்தும் வசதியும் விண்கலத்தின் இயக்குதளத்திலேயே இருந்தது. ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

நிகழ்நேர இயக்குதளமும் பூட்டும்

வீட்டுக் கணினியில் ஒரு வேலை அரை நொடி தாமதமானால் பெரிய இழப்பு இல்லை. வானூர்தி, மருத்துவக் கருவி, விண்கலம் போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கே சரியான விடை காலம் தவறி வந்தால் அது தவறான விடையே. குறித்த காலத்திற்குள் வேலை முடியும் என்ற உறுதியைத் தருவதற்காக வடிவமைக்கப்பட்டவையே நிகழ்நேர இயக்குதளங்கள்.

இவற்றின் மையப்பகுதி கெர்னல் அல்லது கருவகம் எனப்படும். பல பணிகள் ஒரே செயலியைப் பகிர்ந்துகொள்ளும்போது எந்தப் பணி எப்போது ஓட வேண்டும் என்பதைக் கருவகம் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை தரப்படும். ஓடத் தயாராக உள்ள பணிகளுள் மிக உயர்ந்த முன்னுரிமை உடையதே எப்போதும் ஓடும். தாழ்ந்த பணி ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில் உயர்ந்த பணி விழித்துக்கொண்டால், தாழ்ந்தது அந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டுச் செயலி உயர்ந்ததற்குக் கைமாறும்.

பணிகள் தமக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ளும்போது பூட்டு தேவைப்படுகிறது. ஒரு பணி ஒரு பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கும் பாதி வழியில் இன்னொரு பணி அதே பட்டியலைத் தொட்டால் தரவு கெட்டுவிடும். எனவே பட்டியலைத் தொடும் முன் பூட்டை எடுக்க வேண்டும், தொட்டு முடித்தபின் விடுவிக்க வேண்டும் என்பது விதி. பூட்டு வேறொரு பணியிடம் இருந்தால் அது விடுபடும்வரை காத்திருக்க வேண்டும். நெதர்லாந்துக் கணினியியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில் முன்வைத்த செமஃபோர் என்ற கருத்து இவ்வகைப் பூட்டுகளின் முன்னோடி. ஒரு நேரத்தில் ஒரே பணியை மட்டும் உள்ளே விடும் வகை மியூட்டெக்ஸ் எனப்படுகிறது.

முன்னுரிமையும் பூட்டும் தனித்தனியே நன்றாக வேலை செய்பவை. இரண்டும் சேரும் இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது.

முன்னுரிமைத் தலைகீழ்

ஓர் அரசு அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். பதிவறைக்கு ஒரே சாவி. கடைநிலை உதவியாளர் ஒருவர் தம் சிறு வேலைக்காக அந்தச் சாவியை வாங்கியிருக்கிறார். அந்நேரத்தில் மாவட்ட ஆட்சியருக்குப் பதிவறையிலிருந்து ஒரு கோப்பு அவசரமாகத் தேவைப்படுகிறது. உதவியாளர் இரண்டு நிமிடத்தில் சாவியைத் திருப்பித் தந்துவிடுவார் என்பதால் ஆட்சியர் காத்திருக்கிறார். இதற்குள் இடைநிலை அதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக உதவியாளரைக் கூப்பிட்டு வேறு வேலைகளை ஏவுகின்றனர். அவர்களுக்குப் பதிவறையும் தேவையில்லை, சாவியும் தேவையில்லை. ஆட்சியர் காத்திருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வேலை முடியும்வரை சாவி திரும்பாது. நடைமுறையில் இடைநிலை அதிகாரிகள் ஆட்சியரையே காக்க வைத்துவிட்டனர்.

கணினியிலும் இதுவே நிகழ்கிறது. தாழ்ந்த பணி ஒன்று பூட்டை எடுக்கிறது. உயர்ந்த பணி அதே பூட்டுக்குக் காத்திருக்கிறது. பூட்டோடு தொடர்பே இல்லாத இடைநிலைப் பணிகள் விழித்து, தாழ்ந்த பணியை ஓடவிடாமல் செயலியைப் பிடித்துக்கொள்கின்றன. தாழ்ந்த பணி ஓடாததால் பூட்டு விடுபடுவதில்லை. பூட்டு விடுபடாததால் உயர்ந்த பணி ஓடுவதில்லை. இடைநிலைப் பணிகள் எத்தனை, அவை எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு வரம்பு இல்லாததால், உயர்ந்த பணி காத்திருக்கும் நேரத்துக்கும் வரம்பு இல்லாமல் போகிறது. காலக்கெடுவை உறுதிசெய்யவே உருவான ஓர் அமைப்பில் இதைவிடப் பெரிய குறை வேறில்லை.

கோட்பாடு உருவான விதம்

ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்களான பட்லர் லாம்சன், டேவிட் ரெடல் ஆகியோர் 1980இல் மேசா என்ற நிரல்மொழியில் தாம் பெற்ற பட்டறிவு பற்றி எழுதிய கட்டுரையில் இச்சிக்கலை விவரித்தனர். அதை முறையாக ஆராய்ந்து தீர்வு கண்டவர்கள் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி. இவர்களுள் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பொறியியல் பட்டம் பெற்றபின் அமெரிக்கா சென்றவர். மூவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1990 செப்டம்பரில் ஐ.இ.இ.இ. அமைப்பின் கணினி ஆய்விதழில் வெளியானது.

அக்கட்டுரை இரண்டு நெறிமுறைகளை முன்வைத்தது. முதலாவது, பிரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் எனப்படும் முன்னுரிமை ஏற்பு. உயர்ந்த பணி ஒரு பூட்டுக்காகக் காத்திருக்கும்வரை, அப்பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த பணி அந்த உயர்ந்த முன்னுரிமையைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்கிறது. பூட்டை விடுவித்தவுடன் அது பழைய நிலைக்குத் திரும்பும். மேற்சொன்ன அலுவலகத்தில், சாவி கையில் உள்ளவரை உதவியாளரை ஆட்சியரின் வேலையில் இருப்பவராகவே கருத வேண்டும், வேறு யாரும் கூப்பிடக் கூடாது என்று ஆணையிடுவதற்கு இது ஒப்பாகும். இரண்டாவது, முன்னுரிமை உச்சவரம்பு நெறிமுறை. ஒவ்வொரு பூட்டையும் எடுக்கக்கூடிய பணிகளுள் மிக உயர்ந்ததன் முன்னுரிமையை அப்பூட்டுக்கு முன்கூட்டியே குறித்து வைப்பது இதன் அடிப்படை. பணிகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து முடங்கிப்போகும் நிலையையும் இது தடுக்கும்.

கோட்பாடு விரைவிலேயே விற்பனைப் பொருள்களுக்குள் நுழைந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வின்ட் ரிவர் நிறுவனத்தின் வி-எக்ஸ்-வொர்க்ஸ் இயக்குதளத்தில், மியூட்டெக்ஸை உருவாக்கும்போதே முன்னுரிமை ஏற்பு வேண்டுமா வேண்டாமா என்று நிரலர் தேர்ந்துகொள்ளும் வசதி தரப்பட்டிருந்தது.

விண்கலமும் அதன் மென்பொருளும்

பாத்ஃபைண்டர் 1996 டிசம்பர் 4 அன்று டெல்டா-2 ஏவூர்தி மூலம் கேப் கனாவரலிலிருந்து புறப்பட்டது. குறைந்த செலவில் விரைவாகச் செய்யப்படும் கோள் ஆய்வுகளுக்காக நாசா வகுத்த டிஸ்கவரி திட்டத்தின்கீழ் உருவானது அது. காற்றுப்பைகள் சூழத் தரையில் மோதித் துள்ளி, ஏரீஸ் வாலிஸ் என்ற பழைய வெள்ளப்படுகையில் நிலைகொண்டது. அதனுள்ளிருந்து சோஜர்னர் என்ற, ஏறத்தாழ 10.6 கிலோகிராம் எடையுள்ள ஆறு சக்கரத் தரையூர்தி இறங்கியது. தரையிறங்கிக்கு ஒரு மாதமும் தரையூர்திக்கு ஒரு வாரமும் ஆயுள் இருந்தால் போதும் என்பதே திட்டம்.

தரையிறங்கியின் மூளையாக இருந்தது ஆர்.ஏ.டி.6000 என்ற கதிர்வீச்சைத் தாங்கும் செயலி. இச்செயலிக்கேற்ப வி-எக்ஸ்-வொர்க்ஸை மாற்றி அமைக்கும் பணியை இத்திட்டத்திற்காக வின்ட் ரிவர் செய்து தந்தது. பறப்பு மென்பொருள் குழுவுக்கு ஆய்வகத்தின் கிளென் ரீவ்ஸ் தலைமை தாங்கினார்.

விண்கலத்தின் பல கருவிகள் 1553 என்ற தரநிலை எண்ணால் அறியப்படும் ஒரு தரவுப் பாட்டையால் கணினியோடு இணைக்கப்பட்டிருந்தன. முடுக்கமானி, உயரங்காட்டும் ரேடார், வளிமண்டல அழுத்தம், வெப்பநிலை, காற்று ஆகியவற்றை அளக்கும் வானிலைக் கருவித்தொகுதி ஆகியவை இதில் அடங்கும். பாட்டையின் இடைமுக வன்பொருள் காசினி விண்கலத் திட்டத்திலிருந்து பெறப்பட்டது. நொடிக்கு 8 முறை, அதாவது 0.125 நொடிக்கு ஒருமுறை, பாட்டையில் தரவுப் போக்குவரத்து நடக்க வேண்டும் என்ற ஒழுங்கும் அந்த வன்பொருளோடு சேர்ந்தே வந்தது.

இந்தத் தாளத்தை இரண்டு பணிகள் காத்தன. ஒவ்வொரு சுற்றிலும் வந்துசேர்ந்த தரவைப் பிற பணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது ஒன்று. அதைப் பங்கீட்டுப் பணி எனலாம். அடுத்த சுற்றில் பாட்டையில் என்ன நடக்க வேண்டும் என்று வகுப்பது மற்றொன்று. அதை அட்டவணைப் பணி எனலாம். இயக்குதளத்தின் சொந்தப் பணி ஒன்றை விட்டுவிட்டால், அட்டவணைப் பணிக்கே விண்கலத்தில் மிக உயர்ந்த முன்னுரிமை. வளிமண்டல நுழைவையும் தரையிறக்கத்தையும் கவனித்த பணி இரண்டாவது, பங்கீட்டுப் பணி மூன்றாவது. விண்கலத்தின் மற்றச் செயல்கள் அவற்றுக்குக் கீழே. படம் எடுத்தல், படங்களைச் சுருக்குதல், வானிலை அளவீடு போன்ற அறிவியல் பணிகள் எல்லாவற்றுக்கும் கீழே.

அட்டவணைப் பணியும் பங்கீட்டுப் பணியும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டன. மற்றது தன் வேலையை முடிக்கவில்லை எனத் தெரிந்தால் அது கடும் பிழையாகக் கொள்ளப்படும். உடனே கணினி மறுதொடக்கம் செய்யப்படும். ஆளில்லாக் கலம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இத்தகைய ஏற்பாடு தேவை. பூமியிலிருந்து ஒரு கட்டளை சென்று சேரவே அப்போது 10 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று.

தரையிறங்கிய பின் நேர்ந்தவை

தரையிறக்கம் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக அமைந்தது. படங்கள் வரத் தொடங்கின. உலகெங்கும் மக்கள் அவற்றை இணையத்தில் பார்த்தனர். வானிலைக் கருவித்தொகுதி தரவு திரட்டத் தொடங்கிய சில நாள்களில், கணினி எதிர்பாராமல் மறுதொடக்கம் ஆனது. பின்னர் அது மீண்டும் நிகழ்ந்தது.

மறுதொடக்கத்தால் விண்கலம் அழியவில்லை. அதுவரை திரட்டி நினைவகத்தில் வைத்திருந்த தரவும் மின்சாரம் அறுபடாதவரை மீட்கக்கூடியதாகவே இருந்தது. ஆனால் மறுதொடக்கம் ஆன நேரத்தில் நடந்துகொண்டிருந்த வேலைகள் அறுபட்டன. அன்றைக்குப் பூமியிலிருந்து அனுப்பிய கட்டளைகளில் எஞ்சியவை மறுநாளுக்குத் தள்ளிப்போயின. ஒரு மாத ஆயுளே கணக்கிடப்பட்ட கலத்தில், இரவின் கடுங்குளிரில் மின்கலம் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாத நிலையில், ஒவ்வொரு நாளும் திரும்பக் கிடைக்காதது. மறுதொடக்கம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது இன்னொரு தொல்லை. நாளைய வேலைத்திட்டத்தை வகுக்கும் அறிவியலாளர்களுக்கு அதில் எவ்வளவு நடக்கும் என்ற உறுதி இல்லாமல் போயிற்று.

ஆய்வகத்தில் தேடல்

இத்தகைய பிழையைத் தேடுவது கடினம். அது நிகழப் பல நிகழ்வுகள் ஒரே கணத்தில் பொருந்த வேண்டும். நிகழ்ந்த மறுகணமே மறுதொடக்கம் தடயங்களை அழித்துவிடுகிறது.

ஆனால் பாத்ஃபைண்டர் குழுவுக்கு இரண்டு சாதகங்கள் இருந்தன. ஒன்று, விண்கலத்தில் இருப்பதற்கு ஒப்பான கணினி பாசடீனாவில் இருந்தது. செவ்வாயில் ஓடிய அதே மென்பொருள் அதிலும் ஓடியது. இரண்டாவது, அந்த மென்பொருளுக்குள்ளேயே ஒரு தடப்பதிவுக் கருவி இருந்தது. வி-எக்ஸ்-வொர்க்ஸைப் புதிய செயலிக்கு மாற்றியபோது எழுந்த வேறொரு பிழையைப் பிடிப்பதற்காக முன்னர் எழுதப்பட்டது அது. எந்தப் பணி எப்போது ஓடியது, எப்போது நின்றது, எந்தக் குறுக்கீடு வந்தது, இயக்குதளத்தின் எந்தச் சேவை அழைக்கப்பட்டது என்பனவற்றை அது சுழல் நினைவகத்தில் எழுதிக்கொண்டே இருக்கும்.

அக்கருவி திரட்டும் தரவு பூமிக்கு அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியது. ஆகவே செவ்வாயில் அதனால் நேரடிப் பயன் இல்லை. இருந்தும் அதை நீக்காமல் விட்டது தற்செயல் அன்று, வேண்டுமென்றே எடுத்த முடிவு என்று ரீவ்ஸ் பின்னர் விளக்கினார். சோதித்த மென்பொருளையே பறக்கவிட வேண்டும், பறக்கும் மென்பொருளையே சோதிக்க வேண்டும் என்பது அக்குழுவின் கொள்கை. சோதனைக் கருவிகளை ஏவுதலுக்கு முன் நீக்கினால், பறப்பது வேறொரு மென்பொருளாகிவிடும். நீக்கியதாலேயே நேர அளவுகள் மாறிப் புதிய பிழைகளும் தோன்றலாம்.

செவ்வாயில் நடந்த அதே வேலைகளைப் பொறியாளர்கள் ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினர். குறிப்பிட்ட அந்தப் பிழை நேர்ந்தால் தடப்பதிவை நிறுத்தி வெளியே கொட்டும்படி அட்டவணைப் பணி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததால், மென்பொருளில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. 18 மணி நேரத்திற்குள் பிழை ஆய்வகத்திலும் தோன்றியது. தடப்பதிவைப் படித்ததும் நடந்தது முன்னுரிமைத் தலைகீழ் என்பது தெளிவாயிற்று.

பிழை இருந்த இடம்

பங்கீட்டுப் பணி பெரும்பாலான பணிகளுக்குத் தரவைக் கொடுத்தது பகிர்நினைவகத்தின் வழியாக. அதில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றில் எழுதும்போது மற்றொன்றைப் படிக்கலாம். ஆகவே அங்கே காத்திருப்பு இல்லை. வானிலைப் பணி மட்டும் விதிவிலக்கு. அதற்கான தரவு, இயக்குதளம் தரும் பைப் என்ற செய்திக்குழாயின் வழியாகச் சென்றது. வானிலைப் பணி அக்குழாயில் செய்தி வருவதைச் செலக்ட் என்ற சேவையின் மூலம் எதிர்பார்த்திருந்தது.

செலக்ட் சேவைக்குள், எந்தப் பணி எந்தக் குழாய்க்காகக் காத்திருக்கிறது என்று குறித்து வைக்கும் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலைக் காக்க ஒரு மியூட்டெக்ஸ் உண்டு. அந்த மியூட்டெக்ஸை உருவாக்கியது விண்கலக் குழு அன்று. இயக்குதளமே தன் உள்தேவைக்காக உருவாக்கிக்கொண்டது. விண்கலத்தின் நிரலைப் படிப்பவர் கண்ணுக்கு அங்கே ஒரு பூட்டு இருப்பதே தெரியாது. செலக்ட் என்ற ஓர் அழைப்பும், குழாயில் எழுதும் ஓர் அழைப்பும் மட்டுமே தெரியும்.

நிகழ்வுகளின் வரிசை பின்வருமாறு அமைந்தது. தாழ்ந்த முன்னுரிமையுள்ள வானிலைப் பணி செலக்டை அழைத்தது. சேவை தன் பட்டியலில் குறிப்பதற்காகப் பூட்டை எடுத்தது. சில கணங்களில் விடுபட வேண்டிய பூட்டு அது. அதற்குள் இடைநிலைப் பணிகள் விழித்துக்கொள்ள, வானிலைப் பணி பூட்டைக் கையில் வைத்தபடியே நிறுத்தப்பட்டது. அந்நேரத்தில் பாட்டைச் சுற்று முடிந்து பங்கீட்டுப் பணி விழித்தது. அது புதிய வானிலைத் தரவைக் குழாயில் எழுத முயன்றது. எழுதும் சேவைக்கும் அதே பூட்டு தேவைப்பட்டதால் பங்கீட்டுப் பணி காத்திருப்பில் விழுந்தது. இடைநிலைப் பணிகள் தொடர்ந்து ஓடின. அட்டவணைப் பணிக்குரிய நேரம் வந்தது. பங்கீட்டுப் பணி வேலையை முடிக்கவில்லை என்பதை அது கண்டது. பிழை என அறிவித்தது. கணினி மறுதொடக்கம் ஆனது.

இதில் எந்தப் பணியும் தனக்கிட்ட விதியை மீறவில்லை. அட்டவணைப் பணி செய்ததும் சரியே. தவறு இருந்தது, தாழ்ந்த பணியும் உயர்ந்த பணியும் ஒரே பூட்டைப் பகிர்ந்த இடத்தில் முன்னுரிமை ஏற்பு அணைந்திருந்ததில்தான்.

திருத்தம்

முன்னுரிமை ஏற்பை இயக்கினால் சிக்கல் தீரும் என்பது தெளிவாக இருந்தது. பூட்டை எடுத்த வானிலைப் பணி, பங்கீட்டுப் பணி காத்திருக்கத் தொடங்கியதும் அதன் முன்னுரிமைக்கு உயர்ந்துவிடும். இடைநிலைப் பணிகள் விலகிநிற்க, பூட்டு உடனே விடுபடும். செலக்ட் தன் பூட்டுகளை எந்த விருப்பத்தேர்வுகளோடு உருவாக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் பொதுமாறி ஒன்றும் வி-எக்ஸ்-வொர்க்ஸுக்குள் இருந்தது. ஆவணங்களில் அது குறிப்பிடப்படவில்லை. மூலநிரலைப் படித்தவர்களுக்கே தெரியக்கூடியது. அதன் மதிப்பை மாற்றினால் போதும்.

இருந்தும் குழு உடனே மாற்றிவிடவில்லை. அந்த மாறி பொதுவானது. வானிலைப் பணியின் குழாய்க்கு மட்டும் மாற்ற எளிய வழி இல்லை. செலக்ட் உருவாக்கும் எல்லாப் பூட்டுகளும் மாறும். அப்படி மாறினால் விண்கலத்தின் பிற பணிகள் எப்படி நடந்துகொள்ளும்? முன்னுரிமை ஏற்புக்காகப் பூட்டை எடுக்கும்போதும் விடும்போதும் கூடுதல் வேலை செய்ய வேண்டும். விரைவைக் கருதியே வின்ட் ரிவர் அதை இயல்புநிலையில் அணைத்து வைத்திருந்தது. இயக்கினால் வேகம் எவ்வளவு குறையும்? செலக்ட் சேவையின் சொந்த நடத்தையே ஏதேனும் மாறுமா? இக்கேள்விகளை வின்ட் ரிவர் பொறியாளர்களோடு சேர்ந்து ஆராய்ந்து, ஆய்வகத்தில் சோதித்தபின்னரே மாற்றம் ஏற்கப்பட்டது.

அடுத்தது அதைச் செவ்வாய்க்கு அனுப்புவது. முழு மென்பொருளையும் மீண்டும் அனுப்பவில்லை. விண்கலத்தில் உள்ள படிக்கும் பூமியில் உள்ள புதிய படிக்கும் இடையிலான வேறுபாடுகள் மட்டும் அனுப்பப்பட்டன. விண்கலத்தில் இதற்கென்றே எழுதப்பட்டிருந்த ஒரு நிரல், பல சரிபார்ப்புகளுக்குப் பின் அங்குள்ள படியைத் திருத்தியது. ஓடிக்கொண்டிருக்கும் தொலைதூரக் கணினியில் ஒரு பைட் தவறினாலும் கலத்தை இழக்க நேரிடலாம் என்பதால் இம்முறை ஏவுதலுக்கு முன்பே ஆயத்தம் செய்யப்பட்டிருந்தது.

முன்பே தென்பட்ட அறிகுறி

தரையிறங்குவதற்கு முன் நடந்த சோதனைகளிலும் இத்தகைய மறுதொடக்கம் தென்பட்டதுண்டு. தேட முயன்றபோது அது மீண்டும் நிகழவில்லை. அதை மறந்துவிடவும் இல்லை, அற்பமாக நினைக்கவும் இல்லை என்று ரீவ்ஸ் எழுதினார். ஆனால் அப்போது குழுவின் முழுக் கவனமும் வளிமண்டல நுழைவு, தரையிறக்கம் ஆகியவற்றின் மென்பொருளில் இருந்தது. அது ஒரே ஒரு முறை நடக்கக்கூடியது. பிழைத்தால் திருத்த வாய்ப்பே இல்லை. தரையில் இறங்கியபின் மறுதொடக்கம் நேர்ந்தால் கலம் பிழைத்துக்கொள்ளும் என்பதும் தெரிந்திருந்தது. கிடைத்த சில மாதங்களை எதில் செலவிடுவது என்பதில் எடுத்த முடிவு அது.

செவ்வாயில் பிழை அடிக்கடி வெளிப்பட்டதற்குக் காரணம் தோல்வி அன்று, வெற்றி. பூமியோடு தொடர்பு எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்ததால் தரவு அனுப்பும் வேகம் கூடியது. அதற்கேற்ப அறிவியல் வேலைகளும் கூட்டப்பட்டன. இடைநிலைப் பணிகள் அதிக நேரம் ஓடின. பூட்டோடு மோதும் வாய்ப்பும் பெருகியது. மோசமான நிலைமைகளைச் சோதித்திருந்த குழு, எல்லாம் இவ்வளவு நன்றாக நடக்கும் நிலைமையைச் சோதிக்கவில்லை.

கதை பரவிய விதம்

1997 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐ.இ.இ.இ. நிகழ்நேர அமைப்புகள் கருத்தரங்கு நடந்தது. வின்ட் ரிவர் நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலர் டேவிட் வில்னர் அதில் சிறப்புரையாற்றி, பாத்ஃபைண்டரில் நடந்ததை விவரித்தார். முன்னுரிமை ஏற்பை வகுத்த ஷா, ராஜ்குமார், லெஹோட்ஸ்கி மூவரும் அவையில் இருந்தனர். தாளில் எழுதிய நெறிமுறை வேறொரு கோளில் ஒரு விண்கலத்தைச் சீராக்கிய செய்தியை அவர்கள் அங்கே கேட்டனர். அவை கைதட்டி அவர்களைப் பாராட்டியது.

உரையைக் கேட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் மைக் ஜோன்ஸ் அதைச் சுருக்கி எழுதியது உலகெங்கும் பரவியது. அது தெளிவான, சுவையான குறிப்பு. ஆனால் சில இடங்களில் எளிமையாக்கப்பட்டது. விண்கலத்தில் இருந்த சி மொழி வரிமாற்றியின் மூலம் திருத்தம் செய்யப்பட்டது என்று அதில் இருந்தது. பின்னர் ரீவ்ஸ் தாமே விரிவான விளக்கம் எழுதி இதையும் வேறு சிலவற்றையும் திருத்தினார். செலக்ட் சேவையின் உட்பூட்டு, சோதனையின்போது தென்பட்ட அறிகுறி, திருத்தும் முன் எழுந்த கேள்விகள் ஆகியவை அவ்விளக்கத்தாலேயே வெளியே தெரிந்தன. இன்றும் பல பாடநூல்களிலும் வகுப்புகளிலும் சொல்லப்படுவது முதற்குறிப்பின் எளிய வடிவமே.

பிற்காலத் தாக்கம்

முன்னுரிமை ஏற்பு இன்று நிகழ்நேர இயக்குதளங்களில் பரவலாக உள்ளது. சிறு கருவிகளில் பெரிதும் பயன்படும் ஃப்ரீ-ஆர்டிஓஎஸ் கருவகத்தில் மியூட்டெக்ஸ் எப்போதும் முன்னுரிமை ஏற்போடு வருகிறது. இருநிலைச் செமஃபோருக்கு அது இல்லை. லினக்ஸ் கருவகத்தில், பயனர் நிரல்கள் எடுக்கும் பூட்டுகளுக்கான முன்னுரிமை ஏற்பு 2006இல் 2.6.18 பதிப்பில் வந்தது. லினக்ஸை நிகழ்நேரக் கருவகமாக்கும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி திட்டம், கருவகத்தின் உள்ளே உள்ள பெரும்பாலான பூட்டுகளை முன்னுரிமை ஏற்புள்ள வகைக்கு மாற்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தனித் திருத்தத்தொகுப்பாக வளர்ந்த அத்திட்டம், 2024இல் 6.12 பதிப்பின்வழி முதன்மைக் கருவகத்தோடு இணைந்தது.

இம்முறைக்கு எதிர்ப்பும் உண்டு. ஆர்டி-லினக்ஸை உருவாக்கிய விக்டர் யோடைக்கன் 2002இல் எழுதிய கட்டுரையில், முன்னுரிமை ஏற்பு கருவகத்தைச் சிக்கலாக்குகிறது, வடிவமைப்பின் குறையை மூடி மறைக்கிறது என்று வாதிட்டார். உயர்ந்த பணியும் தாழ்ந்த பணியும் பூட்டைப் பகிராதபடி அமைப்பதே சரி என்பது அவ்வாதத்தின் சாரம். பாத்ஃபைண்டரே இதற்கும் சான்றாகிறது. பகிர்நினைவகத்தின் வழியே தரவு பெற்ற பணிகள் எதுவும் சிக்கலில் மாட்டவில்லை. குழாயின் வழியே பெற்ற ஒரே பணிதான் மாட்டியது. ஆனால் பயன்படுத்தும் சேவைகளின் உள்ளே எங்கெங்கே பூட்டு உள்ளது என்று தெரிந்தால்தான் அவ்வாறு அமைக்க முடியும். பாத்ஃபைண்டரில் தெரியாமல் போனது அதுவே.

இயல்புநிலைத் தேர்வு பற்றிய கேள்வியும் தீர்ந்துவிடவில்லை. யூனிக்ஸ் வகை இயக்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலையில் முன்னுரிமை ஏற்பு இடம்பெற்றுள்ளது. ஆயினும் நிரலர் வெளிப்படையாகக் கேட்டால் ஒழிய மியூட்டெக்ஸ் அது இல்லாமலே உருவாகும்.

திருத்தத்திற்குப் பின்

மாற்றம் செய்யப்பட்டபின் பாத்ஃபைண்டர் தன் பணியைத் தொடர்ந்தது. 1997 செப்டம்பர் 27 அன்று கடைசியாகத் தரவு வந்தது. தரையிறங்கி திட்டமிட்டதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு காலமும், தரையூர்தி 12 மடங்கு காலமும் இயங்கின. தரையிறங்கியிலிருந்து 16,500க்கும் மேற்பட்ட படங்களும் தரையூர்தியிலிருந்து 550 படங்களும், பாறை, மண் ஆகியவற்றின் 15க்கும் மேற்பட்ட வேதிப் பகுப்பாய்வுகளும், விரிவான வானிலைத் தரவும் பூமிக்குக் கிடைத்தன. பங்கீட்டுப் பணி அதே குழாயின் வழியாக, அதே பூட்டைக் கடந்து, கடைசிவரை வானிலைத் தரவைக் கொடுத்துக்கொண்டிருந்தது.